பாடு வரிசையில் தொலைந்த நான்கு தேசப்பன்கள்

முனியம்மா அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. முதல் நாள் ஏலக்கூடத்துச் சுவரில் நான் ஒட்டிய தாள். கிழித்துக்கொண்டு வந்திருந்தார். அதன் நான்கு மூலைகளிலும் சுவரின் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாமே கலை, எங்க வூட்டுக்காரு உசுரோடதான கீறாரு?"

இறால் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வந்திருக்கிறார் என்பது வாசனையில் தெரிந்தது. "இன்னாக்கா இப்டி கேக்கற?" என்றேன்.

"நாளான்னிக்கி எங்க பாடு. இந்தத் தாளுல பேரு எங்க? எம் பொண்ணு மூணு தபா படிச்சிப் பாத்துட்டா. இல்லியாம்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "அக்கா, இது கம்ப்யூட்டர் போட்ட லிஸ்ட். தப்பே வராது" என்றேன்.

"அப்டியா? உங்க வூட்டுக்காரு பேரு மட்டும் பளிச்சுனு கீதே. அத்த மட்டும் எப்டி உட்டுச்சி உன் கம்ப்யூட்டரு?"

அவர் கேட்டது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. வாசகர்களுக்கு உறைக்க இன்னும் கொஞ்சம் ஆகும். அதற்குள் அந்த மடிக்கணினி என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உப்புக்காற்று தின்றது போக

அது என் தம்பிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்தது. காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை கிடைத்துப் போனபோது, "வச்சிக்கோக்கா, படம் பாரு" என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

நான் படம் பார்க்கவில்லை. எங்கள் குப்பத்தில் தெருவிளக்குக்கு மனு, முதியோர் பென்ஷனுக்கு மனு என்று எது எழுத வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். பிளஸ் டூ முடித்தவள், சொன்னதைவிட இரண்டு வரி கூடவே சண்டை போட்டு எழுதித் தருவாள் என்று எனக்கு ஒரு பெயர். அதைத் தட்டச்சில் செய்தால் கெத்தாக இருக்குமே என்று ஆசைப்பட்டேன்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் மணல்மேடு, அதற்கும் அந்தப் பக்கம் கடல். இங்கே கேஸ் அடுப்பே இரண்டு வருடத்தில் பல்லிளித்துவிடும். மடிக்கணினியில் முதலில் விரலால் தேய்க்கிற சதுரம் செத்தது. அப்புறம் பாட்டரி. ப்ளக்கைச் செருகினால் உயிர் வரும், பிடுங்கினால் போய்விடும். கடைசியாக ஒருநாள், படம் படமாகத் தெரிகிற அந்த வழக்கமான திரையும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

நல்லவேளை, அந்தப் பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். எல்லோரும் பார்த்துப் பழகியது ஒன்று. இன்னொன்று லினக்ஸ். யாரும் அதைச் சீண்டுவதில்லை. அதைத் திறந்தேன். அங்கேயும் படம் இல்லை. பேரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்டது. கொடுத்தேன். பிறகு ஒரே கருப்பு. மேலே ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் vanakkam என்று அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. saptiya என்று அடித்தேன். அதற்கும் அதே பதில். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திட்டினாலும் பதில் சொல்கிறதே!

பழவேற்காட்டில் என்னோடு படித்த ஃபாத்திமாவுக்கு போன் போட்டேன். அவள் இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறாள்.

"கம்ப்யூட்டரு செத்துடுச்சிடி ஃபாத்தி."

"கருப்பா கீதா? கோடு மின்னுதா?"

"ஆமா."

"அப்ப சாவலடி. எனக்கு சம்பளம் குடுக்கறதே அந்தக் கருப்புதான். ls-னு அடி."

அடித்தேன். பெட்டிக்குள் இருந்த கோப்புகளின் பேரெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. என் தம்பி வைத்திருந்த பழைய பாடங்கள், எங்கள் அம்மாவின் போட்டோ, நான் எழுதிய மனுக்கள். செத்துப்போனதாக நினைத்த எல்லாம் அங்கேயே இருந்தன. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன்.

காரியம் முடிந்தால் பேசாது

அதன்பிறகு என் மதியங்கள் மாறிப்போயின. காலையில் படகு கரைக்கு வந்து, மீன் விற்று, சோறாக்கி, வீட்டுக்காரர் சாப்பிட்டுத் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் எனக்கே எனக்கு. ப்ளக்கைச் செருகி உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு மனுவை இன்னொரு இடத்தில் பிரதி எடுக்கச் சொன்னால் எடுத்துவிட்டு ஒன்றுமே சொல்லாது. முதல் வாரம் முழுக்க, "ஆச்சா இல்லியா, சொல்லித் தொலையேன்" என்று அதோடு மல்லுக்கு நின்றேன். தப்பு இருந்தால்தான் வாய் திறக்கும், சரியாக முடிந்தால் பேசாமல் அடுத்த வேலைக்குக் காத்திருக்கும் என்பது புரிந்த அன்றைக்கு அதன்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. எங்கள் வீட்டில் நேர்மாறு. ஒரு வாளி தண்ணீர் தூக்கி வைத்தாலும் பத்து நாளைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

அழிக்கச் சொன்னாலும் அப்படித்தான். "நிஜமாகவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. மூன்று பக்க மனு ஒன்றை rm என்ற இரண்டு எழுத்தில் தொலைத்தேன். திரும்ப வரவே இல்லை. அன்றைக்கு அழுதேன். மறுநாளிலிருந்து எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஒரு பிரதி எடுத்து வைக்கிற பழக்கம் வந்தது.

பேரில் பாதி அடித்துவிட்டு டேப் பொத்தானை அழுத்தினால் மீதியை அதுவே எழுதிவிடும். மேல் அம்புக்குறியை அழுத்தினால் போன தடவை அடித்தது திரும்ப வரும். ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தபோது ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். சொல்வதற்கு ஆள்தான் கிடையாது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சர்தான், கொழம்புல உப்பு கம்மி" என்றார்.

ஒரு குறை உண்டு. அந்தக் கருப்புத் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகினேன். பென் டிரைவில் போட்டுக்கொண்டு பழவேற்காடு ஜெராக்ஸ் கடைக்குப் போனால் அச்செடுத்துத் தருவார்கள்.

வரிசைதான் எல்லாம்

இனி பாடு பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி வராது. நீரோட்டம் ஓடுகிற சில இடங்களில்தான் வலை கட்டினால் நிறையும். எல்லோரும் அங்கேயே போய் விழுந்தால் வெட்டுக்குத்துதான். அதனால் முறை வைத்திருக்கிறோம். இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பேர், அந்த முறைக்கும் அதே பேர். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பாடு. உங்கள் நாள் தவறிப்போனால் வரிசை முழுக்கச் சுற்றி மறுபடி உங்களிடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மழை முடிந்து முகத்துவாரம் திறந்து இறால் ஓடுகிற சமயத்தில் ஒரு பாடு போவதென்றால் வீட்டில் பேச்சே நின்றுபோகும்.

இந்த வரிசை ஒரு நோட்டில் இருந்தது. ஊர்த்தலைவர் கோதண்டம் மாமாவின் வீட்டுப் பரணில். போன மழையில் கூரை ஒழுகி நோட்டு நனைந்துவிட்டது. முன்பக்கங்கள் கூழ். பின்பக்கங்களைப் படிக்க முடிந்தது. அதற்கு முந்தைய பழைய நோட்டு ஒன்றும் கிடைத்தது. அதில் முன்பக்கங்கள் நன்றாக இருந்தன, கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. நடுவில் இருந்த சில பக்கங்கள் இரண்டிலும் இருந்தன.

மாமா என்னைக் கூப்பிட்டு இரண்டு நோட்டையும் கொடுத்தார். "நீதான் பொட்டியில எழுதறியாமே. ஒண்ணா சேத்துக் குடும்மா."

எங்கள் குப்பத்தில் பாடு நோட்டு ஒரு பெண் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அந்த இரண்டு நோட்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தேன். நடந்து வந்த மாதிரியே இல்லை.

அந்த ஒரே வரி

மூன்று மதியங்களில் இரண்டு நோட்டையும் அடித்து முடித்தேன். என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கு அடித்தேன். Desappan. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

இரண்டையும் சேர்த்தால் நடுப்பக்கத்துப் பேர்கள் இரண்டு முறை வரும். அவற்றை எடுக்க வேண்டும், ஆனால் வரிசை குலையக் கூடாது. ஃபாத்திமாவிடம் கேட்டேன். அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியுமாக ஒரே ஒரு வரி போனில் அனுப்பினாள். "ஒரு தபா வந்த பேரு மறுபடி வந்தா தூக்கிடும். வரிசை மாறாது" என்றாள்.

அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையைப் பார்த்தேன். மேலிருந்து கீழே அப்படியே இருந்தது. ஒருவர்கூட முன்பின் ஆகவில்லை. நான் பயந்தது அதற்குத்தான், அதனால் அதை மட்டும் பார்த்தேன்.

முனியம்மா அக்கா வாசலில் நின்று கேட்டபோதுதான் மற்றது உறைத்தது. எங்கள் ஊரில் தேசப்பன் என்ற பேரில் ஐந்து பேர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்து வைத்து வந்த வினை. யார் எந்தத் தேசப்பன் என்பதற்குப் பட்டப்பேர் உண்டு. முனியம்மா அக்கா வீட்டுக்காரர் வாய் ஓயாமல் பேசுவார், அதனால் ரேடியோ. என் வீட்டுக்காரருக்கும் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன், நான் இந்த வீட்டில்தான் குடித்தனம் பண்ண வேண்டும். பட்டப்பேரை முதுகுக்குப் பின்னால்தான் சொல்லலாம், பாடு நோட்டில் எழுதினால் அடிதடி. அதனால் நோட்டில் எல்லோரும் வெறும் தேசப்பன்தான். யாருக்கு அடுத்து வருகிறது என்பதை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்வார்கள்.

கணினிக்கு அது தெரியுமா? முதலில் வந்த தேசப்பனை வைத்துக்கொண்டு மற்ற நான்கு பேரையும் தூக்கி எறிந்துவிட்டது. ஏழுமலைகளிலும் இரண்டு பேர் காலி. முதலில் வந்த தேசப்பன் யார் என்றால், என் வீட்டுக்காரர்.

ஏலக்கூடத்தில் ஊர்க்கூட்டம்

மதியத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "பொண்டாட்டிய வச்சி வரிசைய சுருக்கிட்டான்" என்று என் வீட்டுக்காரரைக் கரையிலேயே மடக்கிக் கேட்டிருக்கிறார்கள். ஆறு பேர் போனால் அவர் முறை ஆறு நாள் முன்னால் வந்துவிடுமே. கேட்டதில் தப்பில்லை.

அவர் வீட்டுக்கு வந்து செருப்பை உதறியதிலேயே தெரிந்தது. "அந்த டப்பாவ எடுத்து ஏரில போட்டுட்டுதான் சோறு துன்னுவேன்."

"போடு. அதுக்குள்ளதான் நான் திருடலைனு சாட்சி கீது" என்றேன். எனக்கும் கோபம் வரும்.

ஊர்க்கூட்டம் எப்போதும் கோயில் வாசலில்தான். பெண்கள் அங்கே உட்காருவதில்லை. ஆனால் என் பெட்டி ப்ளக் இல்லாமல் ஓடாது, கோயில் வாசலில் ப்ளக் கிடையாது. ஏலக்கூடத்தில் உண்டு. இதைச் சொன்னதும் கோதண்டம் மாமா, "சர்தான், அங்கயே கூடுங்க" என்றார். ஏலக்கூடத்தில் மீன் எடுக்கிற பெண்கள் எப்போதும் நிற்பார்கள். அவர்களைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மீன் எடை போடுகிற மேஜைமேல் பெட்டியை வைத்துத் திறந்தேன். ப்ளக்கைச் செருகினேன். history என்று அடித்தேன்.

"இன்னாமா இது?" என்றார் மாமா.

"இத்தினி நாளா நான் இதுல இன்னா இன்னா அடிச்சனோ, எல்லாம் மாமா. அது மறக்காது."

முதல் வரியிலேயே vanakkam. அடுத்தது saptiya. முன்னால் நின்ற ஒருவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கூடமே சிரித்தது. எனக்கு மானம் போனது, ஆனால் பயமும் போய்விட்டது. கீழே வந்தேன். அந்த ஒரே வரியைக் காட்டி, அது என்ன செய்யும் என்று சொன்னேன்.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். "அப்ப மொத தேசப்பன் நின்னுட்டான். மத்தவன்லாம் அவனேனு நெனச்சிக்கினு தூக்கிடுச்சி."

"அதான் மாமா. தூக்குனது புதுசுலதான். ரெண்டு நோட்டும் அடிச்ச மாதிரியே தனியா கீது, பாருங்க." அழிக்கும் முன் பிரதி எடுத்து வைக்கிற பழக்கத்துக்கு அந்த நிமிடம் ஆயிரம் கும்பிடு போட்டேன். இரண்டையும் திரையில் ஓடவிட்டு, இரண்டு நோட்டிலும் ஒரே வரிசையில் வருகிற பக்கங்களில் மட்டும் ஒரு பிரதியை நீக்கினேன். மாமா ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல ஆட்கள் கையைத் தூக்கினார்கள். ரேடியோ தேசப்பன் தன் இடத்தில், நாளை மறுநாளில், உட்கார்ந்துவிட்டார். முனியம்மா அக்கா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அதோடு முடியவில்லை. ராமலிங்கம் பெரியப்பா எழுந்தார். "இன்னிக்கி சரியாச்சி. நாளைக்கி மறுபடி ஒண்ணா சேத்தா மறுபடி தூக்கும். நோட்டுலயே எழுதுவோம். பொம்பள கைல, அதுவும் டப்பால, வாணாம்."

பலர் தலையாட்டினார்கள். நான் அடித்த மூன்று மதியங்களும் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தன. "பேருக்குப் பக்கத்துல இன்னொரு அடையாளம் போட்டா தூக்காது பெரிப்பா" என்றேன் அவசரமாக.

அடையாளத்துக்கு என்ன போடுவது? நைனா பேர் போடலாம் என்றார் ஒருவர். இரண்டு தேசப்பனுக்கு நைனா ஏழுமலை. படகு நம்பர் என்றார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே படகு. போன் நம்பர் ஆளாளுக்கு மாதாமாதம் மாறுகிறது. பட்டப்பேர் என்று யாரோ பின்னாலிருந்து முனக, நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

முனியம்மா அக்கா எடைத்தட்டுக்குப் பக்கத்திலிருந்து கத்தினார். "ஏன், எங்க பேரப் போடறது? கண்ணாலம் கட்னாதான தலைக்கட்டு? எங்கள கட்டிக்கினுதான பாடு வரிசைக்கே வந்தானுங்க?"

"ரெண்டு கட்டிக்கினா?" என்று ஒரு குரல். சிரிப்பு எழுந்து, பாதியிலேயே அடங்கியது. யோசித்துப் பார்த்தார்கள் போலிருக்கிறது. அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

"பொம்பள பேரு பாடு நோட்டுல ஏறனதே இல்ல" என்றார் பெரியப்பா.

கோதண்டம் மாமா தாடியைச் சொறிந்தார். "பாடு ஆம்பளைக்குதான். பேரு அடையாளத்துக்கு. போடும்மா."

அடையாளத்துக்கு என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று குத்தியது. சண்டை போட வாயெடுத்தேன். விரல் அதற்குள் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆளுக்கு ஒரு வரி

அதற்கப்புறம் நடந்ததுதான் திருவிழா. பேர் சொல்லுங்கள் என்றால் ஆண்கள் நெளிந்தார்கள். "அதான்... அவதான்..." என்று இழுத்தார்கள். பெண்கள் கூடத்தின் ஓரத்திலிருந்து அவரவர் பேரை அவரவரே கூவினார்கள். "வள்ளியம்மா!" "தேசம்மா!" "எழுதுமே, அஞ்சலை!" ஏலம் கேட்பதைவிடச் சத்தம். பெண்டாட்டியை இழந்த ஏழுமலை அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து, "செத்துப்போனா போட மாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். போட்டேன்.

எல்லாம் முடிந்ததும் பெட்டியிடம், இரண்டு முறை வருகிற வரி ஏதாவது இருக்கிறதா காட்டு என்று கேட்டேன். கூடம் முழுக்க என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. கோடு மட்டும் மின்னியது.

"இன்னாச்சி? ஒண்ணுமே சொல்லல?" என்றார் பெரியப்பா.

"சொல்லலன்னா சரியா கீதுனு அர்த்தம் பெரிப்பா!" என்று நான் கத்தியே விட்டேன். அவ்வளவு சந்தோஷம். என் கல்யாணத்தில்கூட நான் அப்படிக் கத்தவில்லை. வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில் நின்று, யாரும் பார்க்காத மாதிரி சிரித்தார்.

ஆண்கள் கலைந்து வலைக்குப் போனார்கள். பெட்டியை மூடப் போனேன். முனியம்மா அக்கா என் கையைப் பிடித்தார்.

"எம் பேரு உள்ள கீதா?"

"கீதுக்கா."

"காட்டு."

ஒரு பேரைச் சொன்னால் அது இருக்கிற வரியை மட்டும் பொறுக்கியெடுத்துத் தர ஒரு கட்டளை இருக்கிறது. grep என்று அடித்து, பக்கத்தில் Muniyamma என்று அடித்தேன். அத்தனை தலைக்கட்டிலிருந்தும் ஒரே ஒரு வரி மேலே வந்தது.

அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. "இதுல எதுமே நானு?"

அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தேன். இறால் உரித்து வெளுத்துச் சுருங்கிய விரல். அக்கா அதை எடுக்கவே இல்லை. குனிந்து திரைக்கு வெகு அருகே போய்ப் பார்த்தார்.

"இன்னொரு தபா தட்டு" என்றார்.

தட்டினேன். மறுபடியும் வந்தது.

பின்னால் நின்றிருந்த அஞ்சலை அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். "நவுரு அக்கா. எம் பேர நான் பாக்க வாணாமா?"